கட்டிங் தேதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாத்தூரில் 19 வருஷமாக லேடீஸ் டெய்லர் கடை வைத்திருக்கிறேன். உங்கள் பேப்பருக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. உங்களிடம் கேட்க ஒரு விஷயம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

புது வருஷம் வருகிறது என்றாலே எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். மார்கழியில் கல்யாணம் கிடையாது, ஆனால் தையில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் துணியைக் கொண்டுவந்து கொடுப்பது மார்கழியில்தான். கூடவே பொங்கல் துணியும் வந்து குவியும். டிசம்பர் 31 ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தெருவில் வெடி வெடிக்கும்போது நான் ஓவர்லாக் மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பேன். ஆனால் ஜாக்கெட்டுகளைப் பற்றி எனக்குப் பயமே இல்லை. இத்தனை வருஷத்தில் முகூர்த்தத்துக்கு ஜாக்கெட் கொடுக்காமல் விட்டதில்லை. பயமெல்லாம் வீட்டுக் காரியங்களைப் பற்றித்தான். நகைக் கடன், சீட்டு, வண்டி இன்ஷூரன்ஸ், வீட்டு வரி, பையன் படித்த காலத்தில் ஃபீஸ். இந்த வருஷம் இதில் எதைக் கோட்டை விடப் போகிறோமோ என்று ஜனவரி முதல் தேதியிலேயே மனசு அடித்துக்கொள்ளும்.

2023 ஜனவரியில், பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது, ஒரு வங்கியிலிருந்து தபால் வந்தது. மூன்று பவுன் வளையலை வைத்து வாங்கிய 60,000 ரூபாய்க்குக் கெடு முடிந்துவிட்டது, கட்டாவிட்டால் ஏலம் விடுவோம் என்று நோட்டீஸ். படித்தபோது கையில் கத்தரிக்கோல் இருந்தது. அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றேன்.

நான் மறந்துபோனேனா என்றால் அதுவும் இல்லை. கடைச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் டிசம்பர் 20ஆம் தேதித் தாளைத் தேடிப் பிடித்து 'நகை' என்று சிவப்புப் பேனாவால் எழுதியிருந்தேன். அந்த நாளும் வந்தது. காலையில் 19ஆம் தேதியைக் கிழித்தேன், 'நகை' எட்டிப் பார்த்தது. கையில் இருந்தது 800 ரூபாய். வட்டி மட்டுமே 5,000 ரூபாய்க்கு மேல். சரி, பொங்கல் துணிக்குக் காசு வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று சாயங்காலம் விட்டுவிட்டேன். மறுநாள் அந்தத் தாளும் கிழிந்து குப்பைக்குப் போய்விட்டது. தினசரி காலண்டர் இன்றைக்கு ராகு காலம் எப்போது, எமகண்டம் எப்போது, யாருக்குச் சந்திராஷ்டமம் என்று எல்லாம் சொல்லும். நாளைக்கு என்ன வரப்போகிறது என்பதை மட்டும் அடித் தாளில் மறைத்தே வைத்திருக்கும்.

அக்காவிடம் கைமாற்று வாங்கி வட்டியைக் கட்டி வளையலை மறுபடி வைத்தேன். அந்தப் பொங்கலுக்கு என் தங்கச்சி சிவகாசியிலிருந்து வந்திருந்தாள். அங்கே ஒரு அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கிறாள். எங்கள் பக்கம் ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பங்களை வெளியிட்டுவிடுவார்கள். அதிலிருந்து டிசம்பர் வரைக்கும் அவளுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. வரும்போது கழிவில் போட்ட டைரி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதில் மார்ச் மாதத்தில் ஒரு பாரம், பதினாறு பக்கம், தலைகீழாகச் சேர்ந்திருந்தது. "சும்மா கிடக்கட்டும், பால் கணக்கு எழுதுக்கா" என்றாள்.

டைரி எனக்குப் புதிதில்லை. அதற்கு முன்பும் ஓசியில் வந்ததை எல்லாம் எழுதிப் பார்த்திருக்கிறேன். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, கீழே நடைப்பயிற்சி, சர்க்கரை குறைக்க வேண்டும், கோபப்படக் கூடாது. பொங்கல் கரும்பு காய்வதற்குள் டைரி கோல நோட்டாகிவிடும். மனசில் இருப்பதை எழுதினால் பாரம் குறையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதையும் செய்தேன். மூன்று நாள் எழுதியதைத் திருப்பிப் பார்த்தால் எல்லாமே என் மாமியாரைப் பற்றியே இருந்தது. கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன்.

இந்தத் தடவை பால் கணக்குக்குப் போகவில்லை. கடையில் உட்கார்ந்து பில் புத்தகத்தையும் அந்தக் கோணல் டைரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசித்தேன். ஒரு பெண் வந்து, பொங்கல் முடிந்த பத்தாம் நாள் கல்யாணம் என்று ஜாக்கெட் துணி கொடுத்தால் நான் என்ன செய்வேன்? கல்யாணத் தேதியை எழுதிவிட்டுச் சும்மா இருப்பேனா? பின்னாலிருந்து எண்ணுவேன். கொடுக்க ஒரு நாள், போட்டுப் பார்த்துப் பிடித்துக் கொடுக்க இரண்டு நாள், தைக்க ஒரு நாள், ஆரி எம்பிராய்டரி வேலைக்கு ஐந்து நாள், நடுவில் பொங்கலுக்குக் கடை மூடும் நாட்கள். அப்படியே எண்ணிக்கொண்டு வந்தால் கட்டிங் தேதி, அதாவது துணியை வெட்ட வேண்டிய நாள், வந்துவிடும். கல்யாணத் தேதியைப் பார்த்து நான் பயப்படுவதில்லை, ஏனென்றால் எனக்கு வேலை கட்டிங் தேதியில்தான். இத்தனை வருஷமாக அடுத்தவர் ஜாக்கெட்டுக்குத் தெரிந்த இந்தக் கணக்கை என் வளையலுக்குப் போடத் தெரியவில்லையே என்று நினைத்ததும் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

அன்றைக்கே எழுத ஆரம்பித்தேன். கெடுத் தேதியில் எழுதுவதை நிறுத்தினேன். நகைக் கடனுக்குக் கெடு டிசம்பர். ஆனால் எனக்குக் கையில் காசு புழங்குவது தீபாவளி சமயம். அதனால் தீபாவளிக்கு முந்தைய நாலு வாரத்திலும் 'வளையலுக்கு 1,500' என்று எழுதி, எடுத்து வைத்ததும் கோடு போட்டு அடித்தேன். வண்டி இன்ஷூரன்ஸை முடிவதற்கு இருபது நாள் முன்பே எழுதினேன். அதற்கும் காரணம் உண்டு. "எல்லாம் என் தலையில் இருக்கு" என்று சொல்லும் என் வீட்டுக்காரர், இன்ஷூரன்ஸ் முடிந்த வண்டியை ஓட்டி ஒரு தடவை 2,000 ரூபாய் அபராதம் கட்டியிருக்கிறார். சொத்து வரிக்கு ஏப்ரல் முதல் வாரம், அப்புறம் அக்டோபர் முதல் வாரம். அரையாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் குறையும். எங்களுக்கு நாற்பது ரூபாய்தான் மிச்சம். ஆனாலும் ஒரு சேலைக்கு ஃபால்ஸ் அடித்தால்தான் எனக்கு அந்த நாற்பது.

ரயில் டிக்கெட்டும் இந்தக் கணக்கில் வருகிறது. பையன் சென்னையில் இருக்கிறான். முன்பு 120 நாளுக்கு முன்னால் எடுக்க முடிந்ததை 2024 நவம்பரிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். 2026 தீபாவளி நவம்பர் 8. அவன் 6ஆம் தேதி வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டி ஏற வேண்டுமென்றால் செப்டம்பர் 7 காலை எட்டு மணிக்கு போனும் கையுமாக இருக்க வேண்டும். அதை எழுதிவிட்டேன். அதற்கு முந்தைய வாரத்தில் 'லீவு சொல்லிவிட்டானா, கேள்' என்றும் எழுதியிருக்கிறேன்.

பையன் இதற்கெல்லாம் போனில் அலாரம் வைத்துக்கொடுத்தான். மிஷினில் கால் இருக்கும்போது அது அடிக்கும், தடவி அணைப்பேன், அதோடு போச்சு. டைரியில் கோடு போட்டு அடிக்காமல் விட்டது, அடிக்கிற வரைக்கும் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதுவும் அந்த 2023 டைரியில் மார்ச் வந்ததும் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைக்கு வந்தவர்கள், "என்னக்கா, படிக்கத் தெரியாதா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த டிசம்பரில் வளையலுக்கு வட்டி கட்டப் போனேன், கெடுவுக்கு ஆறு நாள் முன்னாலேயே. பயம் முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இப்போதும் டிசம்பர் கடைசியில் ஒரு ராத்திரி தூக்கம் வராது. எழுந்து புது டைரியில் பழைய டைரியைப் பார்த்து எழுதுவேன். இரண்டு மணி நேரம் ஆகும். அப்புறம் தூங்கிவிடுவேன்.

டைரி அச்சடிப்பவர்களிடம் ஒரு குறை உண்டு. வாரநாட்களுக்கு முழுப் பக்கம் கொடுத்துவிட்டுச் சனி, ஞாயிறு இரண்டையும் ஒரே பக்கத்தில் திணிக்கிறார்கள். ஆபீஸ் போகிறவர்களுக்காகப் போட்ட கணக்கு அது. எங்களுக்குத் துணி கொடுக்க வருவதும் ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் வேலை குவிவதும் ஞாயிற்றுக்கிழமை. 2026இல் தீபாவளியே ஞாயிற்றுக்கிழமை வருகிறது, அதற்கும் அரைப் பக்கம்தான். முன்பக்கத்தில் உலக நாடுகளின் தலைநகரமும் கரன்சியும் அச்சடித்திருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டு ஞாயிறுக்கு இடம் கொடுக்கலாம். தங்கச்சியிடம் சொன்னேன், "நான் பைண்டிங்தானே அக்கா" என்றாள்.

இப்போது உங்களிடம் கேட்க வந்தது. மாதத்தின் முதல் தேதியில் ராசிபலனுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். அந்த மாதம் தொடங்க வேண்டிய காரியங்கள் மட்டும். சொத்து வரிச் சலுகை எதுவரை, பண்டிகை டிக்கெட் எந்தத் தேதியில் திறக்கும், பள்ளி, கல்லூரி விண்ணப்பங்கள் எப்போது தொடங்கும். கடைசித் தேதியன்று 'இன்றே கடைசி' என்று நீங்கள் போடும் செய்தியை நானும் படிக்கிறேன். அன்றைக்குப் படித்து என்ன செய்ய?

கடிதத்தை வெளியிட்டால் ஊர்ப் பெயரோடு விட்டுவிடுங்கள், என் பெயர் வேண்டாம். நகை விஷயம் வேறு எழுதியிருக்கிறேன். மாமியாரும் உங்கள் பேப்பர்தான் படிக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு தையற்காரி,
சாத்தூர்.