நோட்டீசில் ஏழு மணி, மேடையில் ஒன்பதே முக்கால்

குமரி மாவட்டத்து விளவங்கோடு வட்டத்திலும், எல்லைக்கு அப்பால் கேரளத்துப் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கங்களிலும் ஆண்டு விழா நடத்துகிற கிளப்புகள், விழாக் கமிட்டிகள், அவற்றின் தலைவர், செயலாளர், பொருளாளர் அனைவருக்கும்,

வணக்கம்.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் களியக்காவிளைக்குப் பக்கத்தில் ஒரு முக்கில் நடந்ததை உங்களில் பலர் இதற்குள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் கிளப்பின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் மற்றவர்கள் எல்லோரும் ‘நல்லவேளை, நாங்கள் இல்லை’ என்று நிம்மதியாக இருந்துவிடுவீர்கள். அந்த நிம்மதிக்குத் தகுதியான கமிட்டி இந்தப் பகுதியில் ஒன்றிரண்டுதான் இருக்கும்.

கேள்விப்படாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நோட்டீசில் ‘இரவு 7 மணிக்கு மாபெரும் இன்னிசை விருந்து’ என்று அச்சிட்டிருந்தார்கள். எங்கள் இசைக் குழுவுக்கு மேடை கிடைத்தபோது மணி ஒன்பதே முக்கால். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது பாட்டில் என் கிட்டார் தனியாக ஒலிக்க வேண்டிய இடம் வந்தபோது சாலையில் போலீஸ் ஜீப் நின்றது. காவலர் கையால் சைகை காட்டினார், மிக்சருக்குப் பக்கத்தில் இருந்த பையன் ஒலியை இறக்கினான். மணி பத்து. மேடையை விட்டு இறங்கியதும் பொருளாளர் ஒரு கவரைக் கையில் வைத்தார். இருபதாயிரம் பேசி ஐயாயிரம் முன்பணம் தந்திருந்தார்கள். மீதிப் பதினைந்தாயிரம் இருக்க வேண்டிய கவரில் ஐயாயிரம் இருந்தது. “இரண்டு பாட்டுதானே மாஸ்டர் பாடினீர்கள்?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

காவலர் மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் தன் வேலையைச் செய்தார். ஒலி மாசு விதிகள் 2000-ஆம் ஆண்டிலிருந்து இருக்கின்றன. இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. 2005-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. பண்டிகை, கலை விழா என்றால் நள்ளிரவு வரை நீட்டிக்கலாம். ஆனால் அதற்கு மாநில அரசு அனுமதி தர வேண்டும், அதுவும் ஆண்டில் பதினைந்து நாளுக்கு மேல் கிடையாது. ‘நாங்கள் பேசிக்கொள்கிறோம் மாஸ்டர், நீங்கள் வாசியுங்கள்’ என்று செயலாளர் காதோடு சொல்வது அந்த அனுமதியில் சேராது. ஒலிபெருக்கிக்கு அனுமதி வாங்கக் காவல் நிலையத்துக்குப் போனவர்கள் நீங்கள். பத்து மணிக்கு என்ன நடக்கும் என்பது மேடைக்கு எதிரே உட்கார்ந்திருந்த பாட்டிகளைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் எங்களைக் கடைசியில் வைக்கிறீர்கள்.

என் கோரிக்கை ஒன்றுதான். நோட்டீசில் அச்சிட்ட நேரத்தில் மேடையைத் தாருங்கள். தர முடியாமல் போனால், பேசிய தொகையை முழுதாகத் தாருங்கள்.

ஏழிலிருந்து ஒன்பதே முக்கால் வரை அந்த மேடையில் என்ன நடந்தது? வரவேற்புரை. ஆண்டறிக்கை. ஆண்டறிக்கையைப் பாராட்டி ஓர் உரை. வாழ்த்துரை என்ற பெயரில் ஒவ்வொரு கட்சியிலிருந்தும் ஒருவர். வடம் இழுத்தவர்களுக்கும் சட்டி உடைத்தவர்களுக்கும் பரிசு. அதைக் குறை சொல்ல மாட்டேன், அந்தப் பிள்ளைகள் உண்மையிலேயே ஏதோ செய்திருந்தார்கள். பிறகு பொன்னாடை. தலைவர் புரவலருக்குப் போர்த்தினார், புரவலர் தலைவருக்குப் போர்த்தினார், இருவரும் சேர்ந்து முன்னாள் தலைவருக்குப் போர்த்தினார்கள். முன்னாள் தலைவருக்குக் குளிர் விட்டிருக்கும். ‘இரண்டே நிமிடத்தில் முடித்துக்கொள்கிறேன்’ என்று தொடங்கிய ஒருவர், ஊருக்குப் பாலம் வந்த கதையை முதல் தூணிலிருந்து சொன்னார். ஒவ்வொருவரும் முடிக்கும்போது, ‘உங்களுக்கும் இன்னிசைக்கும் நடுவில் நான் நிற்க விரும்பவில்லை’ என்றார். பிறகும் நின்றார்.

அந்த நேரம் முழுதும் நாங்கள் எங்கே இருந்தோம் என்று உங்களில் யாராவது வந்து பார்த்ததுண்டா? மாலை நான்கு மணிக்கே வரச் சொல்வீர்கள், ஒலி சரிபார்க்க. வந்துவிடுவோம். சரிபார்ப்பு அரை மணி நேரத்தில் முடியும். அதற்குப் பிறகு மேடைக்குப் பின்னால், ஜெனரேட்டருக்கும் தார்ப்பாய்க்கும் இடையில், எங்கள் பெட்டிகள் மேலேயே உட்கார்ந்திருப்போம். நாற்காலி எல்லாம் முன்வரிசைக்குப் போயிருக்கும். டீசல் புகை, கொசு, மேலே துணிக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவரின் வாழ்த்துரை. எங்கள் கீபோர்டுக்காரருக்குச் சர்க்கரை நோய், நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். சாப்பாடு நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் என்று விதி வைத்திருக்கிறீர்கள். சட்டைப் பையில் பிஸ்கட்டோடு வருகிறார். எங்களோடு பாடுகிற பெண் கழிப்பறைக்கு எங்கே போவாள் என்று எந்தக் கமிட்டியும் யோசித்ததாக எனக்கு நினைவில்லை. அன்றைக்கும் முன்பின் தெரியாத ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, ‘அக்கா, கொஞ்சம்…’ என்று தயங்கி நின்றாள். அந்த அக்கா உள்ளே அழைத்துச் சாயாவும் கொடுத்து அனுப்பினார். உங்கள் வரவேற்புக் குழுவில் அடுத்த ஆண்டு அவரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

எங்கள் ட்ரம்மர் ரப்பர் வெட்டுகிறவன். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இருக்க வேண்டும். டிசம்பர் நல்ல பால் கிடைக்கிற காலம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, கமிட்டியில் பாதிப் பேர் ரப்பர் மரம் வைத்திருப்பவர்கள்தான். பத்து மணிக்கு நிகழ்ச்சி நின்றது. கணக்குப் பேசி, சாமான்களைக் கட்டி வேனில் ஏற்றி, அவனை வீட்டில் இறக்கும்போது ஒன்றரை மணி. இரண்டு மணி நேரம் படுத்துவிட்டு எழுந்து போனான். நீங்கள் தந்த கவரில் வேன் வாடகை போக அவன் பங்குக்கு வந்ததை இங்கே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவனிடம் கொடுக்கும்போதும் கூச்சமாகத்தான் இருந்தது. எண்ணிப் பார்க்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “பரவாயில்லை அண்ணே, அந்த இரண்டாவது பாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது” என்றான்.

ஆமாம், நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு முன்வரிசைக்குப் பின்னால் நின்றிருந்த பையன்கள் கொடி போட்ட மூங்கிலைப் பிடித்துக்கொண்டு ஆடினார்கள். கிட்டார் கேட்க ஆள் இல்லை, கூட்டம் கலைந்துவிடும், அதனால்தான் கடைசியில் வைக்கிறோம் என்று இனிமேல் யாரும் என்னிடம் சொல்லாதீர்கள். கூட்டத்தைக் கடைசி வரை பிடித்து வைக்கத்தான் எங்களைக் கடைசியில் வைக்கிறீர்கள். பேச்சாளர்களுக்கு ஆள் உட்கார்ந்திருப்பது எங்கள் பெயரால். அதற்குத் தனியாக ஒரு கட்டணம் கேட்டாலும் தப்பில்லை.

அன்று கவரைப் பற்றி நான் வாக்குவாதம் செய்தபோது இன்னொரு கமிட்டிக்காரர், ‘இந்த இங்கிலீஷ் கூச்சலுக்கு இதுவே அதிகம்’ என்றார். அவருக்கு ஒரு சொல். இந்த மாவட்டத்தில் மேற்கத்திய இசை நேற்று வந்ததல்ல. மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தது 1806-ல். தலைமுறைகளாகத் தேவாலயங்களில் நான்கு குரலில் பாடிக்கொண்டிருக்கிற ஊர்கள் இவை. இரட்சணிய சேனையின் (சால்வேஷன் ஆர்மி) பித்தளை வாத்தியத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாகர்கோவிலில் இன்றும் இருக்கிறார்கள். நான் கிட்டார் பிடிக்கக் கற்றுக்கொண்டதும் எங்கள் சர்ச் பாடகர் குழுவில்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் பாருங்கள்: கொச்சியில் 13 ஏடி என்ற ராக் குழு கேசட் காலத்திலேயே சொந்த ஆங்கிலப் பாட்டுகளோடு வந்துவிட்டது. மலையாளத்திலேயே ராக் பாடலாம் என்று 2008-ல் ஆல்பம் போட்டுக் காட்டியது திருவனந்தபுரத்து அவியல் குழு. எங்கள் பட்டியலிலும் அன்றைக்கு மூன்றாவதாக இருந்தது நாங்களே எழுதிய தமிழ்ப் பாட்டு. இங்கிலீஷ் கூச்சல் என்றவர் இன்னும் ஐந்து நிமிடம் பொறுத்திருந்தால், அல்லது வாழ்த்துரையில் ஐந்து நிமிடம் குறைத்திருந்தால், தமிழ்க் கூச்சலையும் கேட்டிருப்பார்.

இதில் இன்னொரு வேடிக்கை. பாறசாலையில் நாங்கள் தமிழ்க் குழு, அதனால் தொகை குறைவு. மார்த்தாண்டத்தில் நாங்கள் மலையாளக் குழு, ‘அங்கே வாங்குவதையே இங்கே கேட்டால் எப்படி?’ 1956 நவம்பர் 1-ஆம் தேதி எல்லை பிரித்தவர்கள் குமரியின் அன்றைய நான்கு வட்டங்களையும் இன்று தமிழ்நாடு எனப்படும் சென்னை மாநிலத்தோடு சரியாகச் சேர்த்தார்கள். கிட்டார்காரனை மட்டும் எந்தப் பக்கம் என்று எழுதாமல் விட்டுவிட்டார்கள். இரண்டு பக்கமும் செண்டை மேளத்துக்கு வெற்றிலை பாக்கோடு முன்கூட்டியே முழுப்பணம். வேண்டும், அவர்களும் தோளில் சுமந்து உழைக்கிறவர்கள். ஆனால் இரும்புப் பெட்டி போல் ஸ்பீக்கர் அடுக்கிய லாரியில் யாரோ பதிவு செய்த பாட்டை ஓட்டுகிறவருக்கு எங்களைவிட இரண்டு மடங்கு கொடுக்கிறீர்களே, அவர் எப்போதாவது சுருதி சேர்த்திருக்கிறாரா? அதோடு, மறுநாள் காலை ஐந்து மணிக்குக் குழாய் ஸ்பீக்கரில் பக்திப் பாட்டைப் போட்டு ஊரை எழுப்பும்போது காலை ஆறு மணி என்ற விதி உங்களுக்கு எங்கே போகிறது? ஜீப்பும் அப்போது வருவதில்லை. இந்தச் சாலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கல் ஏற்றிய லாரிகள் எல்லையில் வரிசையாக நிற்கின்றன, எங்கள் வேன் அவற்றுக்கு நடுவில் ஊர்கிறது, நாங்கள் மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்து சேர வேண்டும். வந்து சேர்கிறோம். ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை.

லாரிக்கு நீங்கள் பொறுப்பில்லை, ஒப்புக்கொள்கிறேன். கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

ஐயா, அம்மா, மூத்தவர்களே, தம்பிகளே, இதற்குப் பணம் செலவாகாது. எங்களை ஏழு மணிக்கு ஏற்றி எட்டரைக்கு இறக்கிவிடுங்கள். ஒன்றரை மணி நேரம் போதும், என் விரல்களும் அதற்கு மேல் இப்போது சம்மதிப்பதில்லை. அதன் பிறகு பத்து மணி வரை மேடை உங்களுடையது. பாலத்தின் எல்லாத் தூண்களையும் சொல்லி முடிக்கலாம். கூட்டம் நிற்குமா என்ற பயம் இருந்தால் குலுக்கல் பரிசைக் கடைசியில் வையுங்கள், சுவர்க்கடிகாரத்துக்காக ஆள் இருப்பார்கள். பேச்சு முதலில்தான் வேண்டும் என்றால் அப்படியே செய்யுங்கள், ஆனால் நோட்டீசில் எங்களுக்கு ‘9.45’ என்று அச்சிடுங்கள். பார்த்துவிட்டு வரலாமா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம். நோட்டீசில் அச்சிட்ட நேரத்தில் மேடை, அல்லது பேசிய தொகை முழுதாக. இதைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை. பொன்னாடையும் வேண்டாம்.

இனிமேல் முன்பணம் வாங்கும் ரசீதில் மேடையேறும் நேரத்தையும் எழுதி, உங்கள் செயலாளரிடம் கையெழுத்து வாங்கப் போகிறேன். இந்தப் பகுதியில் வாசிக்கிற மற்றக் குழுக்களிடமும் பேசியிருக்கிறேன், அவர்களும் அப்படியே கேட்பார்கள். முகம் சுளிக்காமல் கையெழுத்துப் போட்டுத் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

பெயர் எழுதாத அந்தக் கிளப்பின் பொருளாளர் இதைப் படித்தால்: மீதிப் பத்தாயிரத்தை நேரில் தர உங்களுக்குச் சங்கடமாக இருக்கலாம், புரிகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பத்தரை மணிக்குச் சர்ச் வாசலில் இருப்பேன். யாரிடமாவது கொடுத்து அனுப்பினாலும் போதும். தாமதமானாலும் காத்திருக்கிறேன், அது எனக்குப் பழக்கம்தான்.

இப்படிக்கு,
மார்த்தாண்டத்திலிருந்து ஒரு கிட்டார்காரன்