பிரஸ் ஷாப்பில் நிற்கும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். ஒரகடத்தில் உன்னைத் தகடு வெட்டும் பவர் பிரஸ் மெஷினில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று அம்மா சொன்னாள். கோயம்புத்தூர் கணபதிப் பட்டறைகளிலேயே காலம் கழித்தவன் நான். பிரஸ் விரலை எடுப்பதைக் கண்ணால் பார்த்தவன்.

இரண்டு பட்டனையும் இரண்டு கையால் அழுத்தினால்தான் மேலிருந்து தகட்டை அடிக்கும் ராம் இறங்கும். பீஸ் கணக்கு ஏற வேண்டுமென்று ஒரு பட்டனைக் கட்டிவைத்து ஓட்டச் சொல்வார்கள். ஓட்டாதே. சண்டை வந்தால் வரட்டும்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் அடிபடலாம். அதற்கும் இப்போதே தயாராக இரு. உன் 18,000 சம்பளத்தில் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுக்கு 135 ரூபாய் பிடிக்கிறார்களா என்று சீட்டைப் பார். கான்ட்ராக்ட் ஆள் என்றாலும் பிடிக்க வேண்டும். வேலையில் அடிபட்டு வீட்டில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் தருவார்கள். சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. நிரந்தர ஊனம் என்றால் மெடிக்கல் போர்டு பார்த்து, ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம் வரும்.

ஆனால் விபத்து எழுத்தில் பதிவாகியிருக்க வேண்டும். என்னோடு வேலை பார்த்த ஒருவனுக்கு இரண்டு விரல் போனது. “செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், வீட்டில் அடிபட்டதாகச் சொல்” என்றார் முதலாளி. இவனும் நல்ல மனுஷன் என்று நம்பினான். தையல் பிரித்ததோடு அந்தக் கரிசனமும் முடிந்தது. பதிவே இல்லாததால் பென்ஷன் கேட்க வழியில்லாமல் போய்விட்டது. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. உன்னிடம் யார் அப்படிக் கெஞ்சினாலும் ஒத்துக்கொள்ளாதே. ஆக்சிடென்ட் புக்கில் எழுதச் சொல், அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொள்.

இதைச் சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் சொல்கிறேன். விரல் துண்டானால் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, அந்தக் கவரை ஐஸில் வைக்க வேண்டும். ஐஸ் நேராகப் படக்கூடாது. உடனே கிளம்ப வேண்டும். சென்னையில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கை அறுவைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. கூட நிற்கும் பையன்களுக்கும் சொல்லி வை, அந்த நேரத்தில் உன் புத்தி வேலை செய்யாது.

பேங்கில் வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் விபத்துக் காப்பீடும் போட்டுவிடு. ஒரு கை போனால் 1 லட்சம். அதை மட்டும் நம்பி உட்கார முடியாது. இஎஸ்ஐ பணம் கைக்கு வர நாளாகும், அதுவரை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் தனியாகக் கொஞ்சம் சேர்த்து வை.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியம், நீ டை செட்டிங், அதாவது தகட்டை வெட்டும் அச்சை பிரஸ்ஸில் பொருத்தும் வேலையைக் கற்றுக்கொள்வது. டிராயிங் பார்க்கப் பழகு, மைக்ரோமீட்டர் பிடி, வெட்டிய ஓரத்தில் பர் என்ற பிசிறு ஏன் வருகிறது என்று டை செய்யும் டூல் ரூம் ஆட்களிடம் கேள். விரல் போனால் ஆபரேட்டருக்கு வேலையும் போய்விடும். டையின் குறையைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவனை எந்தக் கம்பெனியும் சுலபத்தில் விடாது. ஷிப்ட் முடிந்ததும் அரை மணி நேரம் அங்கே போய் நில்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது உன் இஎஸ்ஐ நம்பரைச் சொல். அம்மா நோட்டில் எழுதி வைக்கட்டும்.

அன்புடன்,
அப்பா