பலகை அறையிலிருந்து

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. டாக்டர் சரி என்று சொல்லும்வரை இழைப்புளியைத் தொடாதே. மரத்தூள் கண்ணில் படக் கூடாது.

பியானோவுக்கு வாங்கிய ஸ்ப்ரூஸ் (ஊசியிலை மரம்) பலகைகளை எப்படி வைப்பது என்று கேட்டிருந்தாய். போன வருடம் நான் பட்டதைச் சொல்கிறேன். மழை நாளில் அவசரப்பட்டு ஒரு சவுண்ட்போர்டின் (கம்பிகளின் ஒலியைப் பெருக்கும் மெல்லிய பலகை) அடியில் சட்டங்களை ஒட்டிவிட்டேன். பலகையில் 10 சதவீத ஈரமாவது இருந்திருக்கும். காற்று காய்ந்ததும் பலகை சுருங்கப் பார்த்தது, சட்டங்கள் விடவில்லை. ஒரு காலையில் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால், ரேகையோடு ரேகையாக ஒரு மெல்லிய கோடு. தாளின் முனை அதற்குள் போனது. அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

ஈரம் 10லிருந்து 6க்கு இறங்கினால் பலகை ஒரு மீட்டர் அகலத்துக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் குறுகும். நீளவாக்கில் மரம் அசைவதே இல்லை எனலாம். குறுக்கே ஒட்டிய சட்டம் அதனால்தான் பலகையைப் பிளந்துவிடுகிறது.

இப்போது ஹைக்ரோமீட்டரை, அதாவது ஈரப்பதமானியை, மட்டும் நம்புவதில்லை. அது காற்றைத்தான் சொல்லும். அறை வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாகவே இருந்தால் மரத்தின் ஈரம் 12இல் போய் நிற்கும், 30 என்றால் 6இல். ஆனால் தடித்த பலகை அங்கே போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். அதனால் அடுக்கிலிருந்து ஒரே பலகையை வாராவாரம் எடுத்து எடை போடுகிறேன். எடை மாறாமல் நின்றால்தான் மரம் அடங்கியது என்று அர்த்தம். எத்தனை சதவீதம் என்று தெரிய வேண்டுமானால் அதன் நடுவிலிருந்து ஒரு துண்டு அறுத்து, எடை குறைவது நிற்கும்வரை 103 டிகிரி செல்சியஸில் உலர்த்து. 56 கிராம் 50 ஆனால், போன 6 கிராமை உலர்ந்த 50ஆல் வகுத்து 12 சதவீதம்.

அறைக் காற்றின் ஈரப்பதத்தை 40-லிருந்து 45 சதவீதத்துக்குள் வைத்திருக்கிறேன். மரத்தின் ஈரம் 8 பக்கம் நிற்கிறது. சட்டம் ஒட்டும் முன் இளஞ்சூடான பெட்டியில் வைத்து 6க்கு இறக்குகிறேன். அடுக்கும்போது இடையில் ஒரே கனத்தில் ரீப்பர் (மெல்லிய மரத்துண்டு) வை, ஒன்றுக்கு நேர் மேலே ஒன்றாக. அப்புறம், பலகையின் இரு முனைகளிலும் மெழுகு பூசியிருக்கிறதா என்று பார். ஈரம் அந்த வழியாகத்தான் வேகமாக ஓடும், வெடிப்பும் அங்கேதான் தொடங்கும்.

முதல் எடையைப் பலகையிலேயே பென்சிலால் தேதியோடு எழுதி வை. அடுத்த கடிதத்தில் அந்த எண்களை அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் பழைய தோழன்