கூட்டமில்லாத தேக்கா

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம். போனில் பேசினால் "சாப்பிட்டேன் அம்மா, வைக்கட்டுமா" என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். பாப்பா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். அவள் இப்போது எழுத்துக்கூட்டாமலே நன்றாகப் படிக்கிறாள் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

புதன்கிழமை நீ அனுப்பிய படங்களை அன்றைக்கே பார்த்துவிட்டேன். சிங்கப்பூர் தேக்காவில் அந்த வண்ண வீட்டு வாசலில் நீயும் நண்பர்களும் நிற்கிற படம் எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஒவ்வொரு ஜன்னல் கதவிலும் எத்தனை நிறம்! 1900-இல் ஒரு சீன முதலாளி கட்டியது, எட்டு அறைகள், அவருக்கு மிட்டாய்த் தொழில் என்று கீழே எழுதியிருந்தாய். மிட்டாய்க்காரர் வீடு மிட்டாய் மாதிரியே இருக்கிறது என்றாள் பாப்பா. அந்த நண்பர்கள் எல்லோரும் உன் ஆபீஸ்காரர்களா? ஒருவர் கழுத்திலும் அட்டை இல்லை. போன வருடம் சாப்பாட்டு மேசையில் எடுத்த படத்தில்கூட உன் கழுத்தில் அட்டை தொங்கியது. சட்டைக்குள் போட்டிருந்தாயோ என்னவோ. நேரத்துக்குச் சாப்பிடு.

டன்லப் ஸ்ட்ரீட் பள்ளிவாசல் வீடியோவை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். முகப்பில் சூரியன் போல 25 கதிர்கள், கதிருக்கு ஒரு நபியின் பெயர் என்று நீ அந்தச் சீனப் பையனுக்கு ஆங்கிலத்தில் விளக்குகிறாயே, எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பக்கத்து வீட்டுக்கும் கொண்டுபோய்க் காட்டினேன். பள்ளிக்கூட மேடையில் நாலு வரி சொல்வதற்குள் வேர்த்து இறங்கி வந்த பிள்ளை நீ. ஆனால் ஒன்று. பள்ளிவாசலை இவ்வளவு பொறுமையாகப் பார்த்தவன், வீரமாகாளியம்மன் கோயிலில் கோபுரத்தை மட்டும் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிட்டாயே. உச்சிவேளையில் நடை சாத்திவிடுவார்கள் என்று அப்பா எத்தனை தரம் சொல்லியிருக்கிறார். காலையிலேயே போயிருக்கலாம். காலையில் உனக்கு நேரம் இருந்திருக்கும்தானே.

அப்பாவுக்கு உடனே காட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று வைத்திருந்து, அன்றுதான் வந்தது போலக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பெயர் சொன்னார். காளியம்மன் கோபுரத்தைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்று பழையவர்கள் சொல்வார்களாம். ஜப்பான்காரன் குண்டு போட்ட காலத்தில் சனங்கள் அதற்குள்தான் ஒண்டினார்களாம். பெருமாள் கோயிலைக் கண்டதும் தைப்பூசக் கதை தொடங்கிவிட்டது. அங்கிருந்து காவடி கிளம்பி டேங்க் ரோடு முருகன் கோயில் வரை ஏறக்குறைய 4 கிலோமீட்டர் போவதும், அப்பா பால்குடத்தோடு மழையில் நின்றதும் உனக்கும் மனப்பாடம்தான். சுவரில் வரைந்திருக்கிற கிளி ஜோசியக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "நான் இருந்தபோது உயிருள்ள கிளியே இருந்தது" என்றார். உன் மூலமாக அவருக்கு அந்தத் தெருவெல்லாம் திரும்பக் கிடைத்தது. அதற்காக உன்னை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

பிறகு செராங்கூன் ரோட்டில் நீங்கள் கைகோத்து வரிசையாக நடந்துவருகிற படம் வந்தது. அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். "கூட்டமே இல்லையே" என்றார்.

இப்போது எல்லாம் மாறியிருக்கும் என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைத் தேக்கா எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடை வாசல் ஐந்தடி நடைபாதையில் நடக்க வழி இருக்காது. பணம் அனுப்புகிற கடையில் வரிசை தெரு முனை வரை நிற்கும். ரேஸ்கோர்ஸ் ரோட்டுப் புல்தரையில் ஊர்வாரியாக உட்கார்ந்து பேசிவிட்டு, இருட்டியதும் பஸ் பிடித்து விடுதிக்குத் திரும்புவார்கள். நாலு பேர் கைகோத்து நடக்க அங்கே ஞாயிற்றுக்கிழமை இடம் ஏது? அன்றிரவு அவர் பீரோவைத் திறந்தார். அந்தத் தீபாவளிக்கு அவர் அனுப்பிய படம் இன்னும் அதே உறையில்தான் இருக்கிறது. புதுச் சட்டை, பின்னால் திறந்திருக்கும் கடைகள், ஆளில்லாத தெரு. அது வந்த நாளில் சட்டை அழகாக இருக்கிறது என்று நான் தெருவெல்லாம் காட்டினேன். கூட்டமில்லாத தேக்காவைப் படிக்க எனக்கு அப்போது தெரியாது.

சரி, அது பழைய கதை. சிங்கப்பூர் காலண்டரைப் பார்க்கச் சொன்னேன் பாப்பாவை. அந்தப் புதன்கிழமை அங்கே அரசு விடுமுறை இல்லை. இல்லாவிட்டால் என்ன, லீவு போட்டிருப்பாய். சேர்ந்து கிடக்கிற லீவைப் போட வேண்டியதுதானே. கோடி வீட்டு அத்தை வந்திருந்தபோது அவர்கள் உறவில் ஒரு பையனைப் பற்றிப் பேச்சு வந்தது. வேலை அனுமதியை ரத்து செய்தால் வழக்கமாக 30 நாள்தான் தங்க விடுவார்களாம். யாரோ ஒரு பையன். சும்மா சொல்கிறேன். அவன் வீட்டில் சொல்லாமலே அந்த நாளையெல்லாம் கடத்தினானாம். அவனுடைய அம்மா என்ன தலையைச் சீவியா எடுத்துவிடுவாள்?

நெல் பணம் வந்துவிட்டது. பேங்குத் தவணையை இந்த முறை நாங்களே கட்டிவிட்டோம், நீ அனுப்பாதே. அடுத்த மாதமும் வேண்டாம். மாடி அறையை ஒழித்துப் பெருக்கிவிட்டேன், அக்காவின் தையல் மிஷினைக் கீழே இறக்கியாகிவிட்டது. சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று நீதான் சொல்ல வேண்டும். அந்த மிட்டாய் வீட்டில் ஒரு பச்சை இருந்ததே, அது எனக்குப் பிடித்தது. அப்பா வெள்ளைதான் என்கிறார். அவசரம் இல்லை, நேரில் வந்து பார்த்துச் சொன்னாலும் சரி.

தாடியை எடு. இல்லை, உனக்கு நன்றாக இருக்கிறது என்றால் இருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

பெரியம்மா மகன் வருகிற செவ்வாய்க்கிழமை அங்கே வருகிறான். சாம்பார்ப் பொடி, எள்ளுருண்டை, உன் பழைய போர்வை எல்லாம் கொடுத்துவிடுகிறேன். பகல் பதினொரு மணிக்கு இறங்குவானாம், இறங்கியதும் நேராக உன்னிடம் வந்துவிடுவதாகச் சொல்கிறான். ஆபீஸுக்கு வரச் சொல்லட்டுமா, அறைக்கு வரச் சொல்லட்டுமா?

அன்புடன்,
அம்மா