லாரியில் மழை கொண்டுவர விடாதவருக்கும் நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் ஐந்து நிமிட நடனக் குறும்படம் ஒருவழியாக முடிந்துவிட்டது. வசனம் கிடையாது, பாட்டிலும் சொல் கிடையாது. தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண், ஒரு நாள், சாயங்காலம் மழை இருட்டிக்கொண்டு வருகிறது. கதை அவ்வளவுதான். படத்தின் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

முதல் நன்றி உப்பளத்து அக்காவுக்கு. "பேரெல்லாம் போடாத, நாளைக்கும் நான் இங்கதான வேலைக்கு வரணும்" என்று சொல்லிவிட்டார். அதனால் வெறும் அக்காதான்.

நான் பரதம் படித்தவள். உப்பு வாருவதை ஓர் அடவாக, அதாவது பரதத்தின் ஆட்ட அசைவாக, ஆக்கிக்கொண்டு போயிருந்தேன். முழங்காலைப் பக்கவாட்டில் மடக்கி அரைமண்டியில் உட்கார்ந்து, கை இரண்டையும் நீட்டி, பலகையை மார்புப் பக்கம் இழுப்பது. வகுப்பில் கண்ணாடி முன்னால் அழகாகத்தான் இருந்தது. அக்கா வரப்பில் நின்று பார்த்தார். "இப்படி இழுத்தா ஒரு பாத்தி முடியுமுன்னால இடுப்பு விட்டுப் போகும்லா" என்று பலகையை வாங்கி ஒரே ஒரு தடவை இழுத்துக் காட்டினார். கை இழுக்கவே இல்லை. பின்னங்காலில் எடை இறங்கியது, உடம்பு சாய்ந்தது, பலகை கூடவே வந்தது. அன்று ராத்திரி தங்கிய அறையில் அரைமண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்தச் சாய்வை மட்டும் விடிய விடியச் செய்து பார்த்தோம்.

மழையிலும் மாட்டிக்கொண்டேன். நாங்கள் படித்த ஆட்டத்தில் மழை என்றால் மயில், தோகை, மலர்ந்த முகம். உப்பளத்தில் மழை என்றால் விளைந்த உப்பு கரையும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கூலியும் நிற்கும். இருட்டினால் முதலில் என்ன செய்வீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன். "வானத்த எங்க பாக்க? குமிச்ச உப்ப ஓலை போட்டு மூடத்தான் ஓடுவோம்." படத்தின் கடைசி ஒரு நிமிடம் அந்த ஓட்டம்தான். மயிலை வெட்டிவிட்டேன். வலித்தது, மறைக்கவில்லை.

அடுத்து அளத்துக் கணக்குப்பிள்ளை அண்ணாச்சி. மழைக் காட்சிக்குத் தண்ணீர் லாரி கொண்டுவர அனுமதி கேட்டுப் போனேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மழை வந்திரக் கூடாதுன்னு நாங்க கும்பிட்டுக்கிட்டு இருக்கோம். நீங்க அத லாரியில கொண்டு வாறீங்களா?" வெட்கமாகப் போய்விட்டது. அதனால் படத்தில் ஒரு சொட்டு மழை கூட இல்லை. மழையைச் சொல்வது ஆடும் பெண்ணின் கழுத்தும் தோளும்தான். பார்த்தவர்களில் இரண்டு பேர் மழை நன்றாக வந்திருக்கிறது என்றார்கள்! அண்ணாச்சி, அந்தப் பாராட்டு உங்களுக்கு.

மிருதங்கக்கார அண்ணாவுக்கு ஒரு பெரிய கும்பிடு. உப்பு தெறிப்பதை மெதுவாகக் காட்ட நொடிக்கு 50 சட்டகம் (ஃபிரேம்) வைத்துப் பிடித்து, 25ல் ஓட்டினோம். அப்படிச் செய்தால் ஆட்டமும் பாதி வேகமாகித் தாளத்தை விட்டுவிடும். அவர் சிரித்தார். "இரண்டாம் காலத்துல, இரட்டை வேகத்துல ஆடச் சொல்லு, திரையில முதல் காலமா விழும்." சின்ன வயசிலிருந்து ஒவ்வொரு அடவையும் மூன்று காலத்தில் தட்டிப் பழகியவளுக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

படத்தொகுப்பாளர் தம்பிக்கும் நன்றி. அடுப்படியில் தூக்கிய கால் உப்புப் பாத்தியில் இறங்குவது அவன் யோசனை. 1945லேயே அமெரிக்கத் திரைப்படக் கலைஞர் மாயா டெரன் தன் மூன்று நிமிடப் படத்தில் காட்டில் தூக்கிய காலை ஒரு வீட்டுக்குள் இறக்கியிருக்கிறார் என்று அவனேதான் ஒப்புக்கொண்டான். ஒளிப்பதிவாளர் வெயிலில் உப்பின் வெள்ளை கண்ணைக் கூசுவதற்குப் பயந்து காலை எட்டு மணிக்குள் எல்லாவற்றையும் முடித்துவிடுவார். வாடகைக்கு எடுத்த ட்ரோன் கிளம்பவே இல்லை. அதற்கும் ஒரு நன்றி, படம் ஆள் உயரத்திலேயே நின்றது.

ஆடிய தங்கைக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. சலங்கை இல்லை, தரை இல்லை, தட்டினால் சத்தமும் இல்லை. உப்புப் பரல் இரண்டாம் நாளே பாதத்தைக் கிழித்துவிட்டது. அதற்குப் பிறகும் மூன்று நாள் காலையில் ஆடினாள்.

போன வாரம் படத்தை அக்காவிடம் போனில் காட்டினேன். முழுதும் பார்த்தார். நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்லவில்லை. "அந்தப் பிள்ளைக்குக் காலு ஆறிருச்சா?" என்று மட்டும் கேட்டார்.

ஆறிவிட்டது அக்கா.