அந்த 2,000 ரூபாய் எங்கே போகிறது: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள விவசாயப் பெருமக்களுக்கு வணக்கம்.

மத்திய அரசு விவசாயிகளுக்குத் தரும் பிஎம் கிசான் உதவித்தொகையின் 2,000 ரூபாய் தவணை வராதவர்களின் கணக்கு எண்ணை நம் பொதுச் சேவை மையத்தில் மாற்றிவிட்டோம் என்று ஒரு குரல் பதிவு ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. நேரில் வந்து கேட்டிருந்தால் கம்ப்யூட்டரில் திறந்தே காட்டியிருப்போம். கேட்காமல் நம்பியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

பதிவின்போது எந்தக் கணக்கு எண்ணைக் கொடுத்திருந்தாலும், இன்று பணம் அந்த எண்ணைப் பார்த்துப் போவதில்லை. ஆதாரைப் பார்த்துத்தான் போகிறது. வங்கிகளுக்கு இடையே பணம் செலுத்தும் முறைகளை நடத்தும் என்பிசிஐ அமைப்பின் பதிவேட்டில் உங்கள் ஆதார் கடைசியாக எந்த வங்கியோடு சேர்ந்திருக்கிறதோ, பணம் அங்கேதான் விழும். பிஎம் கிசான் தளத்தில் நாங்கள் எதைத் திருத்தினாலும் அந்தப் பதிவேடு மாறாது.

பெரும்பாலும் நடப்பது இதுதான். குழுக் கடனுக்கோ வேறு எதற்கோ புதுக் கணக்கு தொடங்குகிறீர்கள். அந்தப் படிவத்தில் ‘மானியம் இந்தக் கணக்குக்கு வரச் சம்மதம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் விழுந்துவிட்டால் அடுத்த தவணை புதுக் கணக்குக்குப் போய்விடும். பழைய பாஸ்புக்கில் எத்தனை முறை என்ட்ரி போட்டாலும் அது தெரியாது.

மைஆதார் தளத்தில் ஓடிபி கொடுத்து ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’ (மானியத்துக்காக ஆதார் எந்த வங்கியோடு சேர்ந்திருக்கிறது என்ற விவரம்) பாருங்கள், வங்கியின் பெயரே வரும். வேறு வங்கிக்கு மாற்ற வேண்டுமானால் அந்தக் கிளைக்கே போய், ‘மானியம் வருவதற்கு ஆதார் சீடிங்’ என்று தெளிவாகச் சொல்லி ஒப்புதல் படிவம் கொடுங்கள். வெறுமனே ‘ஆதார் லிங்க்’ என்றால் கேஒய்சி என்னும் அடையாளச் சரிபார்ப்பை மட்டும் முடித்து அனுப்பிவிடுவார்கள். அது வேறு, இது வேறு.

பிஎம் கிசான் தளத்தின் ‘நோ யுவர் ஸ்டேட்டஸ்’ பக்கத்தில் இகேஒய்சி (ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு), லேண்ட் சீடிங் (நில விவர இணைப்பு), ஆதார் பேங்க் சீடிங் ஆகிய மூன்றுக்கும் ‘யெஸ்’ இருக்க வேண்டும். லேண்ட் சீடிங்கில் ‘நோ’ வந்தால் பட்டாவோடு வேளாண்மை அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். தந்தை இறந்தும் பட்டா அவர் பெயரிலேயே இருந்தால் முதலில் பெயர் மாற்றம் முடியட்டும். 1.2.2019க்குப் பிறகு விலைக்கு வாங்கிய நிலத்துக்கு இந்தத் திட்டத்தில் பணம் கிடையாது. உரிமையாளர் இறந்து வாரிசாக வந்த நிலத்துக்கு உண்டு. களை வெட்டி ரேகை தேய்ந்தவர்கள் மெஷினோடு மல்லுக்கட்ட வேண்டாம். பிஎம் கிசான் செயலியில் முகத்தைக் காட்டியே இகேஒய்சி முடிக்கலாம்.

2020இல் விவசாயிகளே அல்லாதவர்களை இத்திட்டத்தில் சேர்த்துக் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் நடந்த மோசடி எல்லோருக்கும் நினைவிருக்கும். சிபிசிஐடி விசாரித்த வழக்கு அது. கம்ப்யூட்டர் மையம் என்றாலே சந்தேகம் வருவது அதனால்தான் என்பது புரிகிறது. ஆனால் அந்தக் கறையை எங்கள் மேல் பூசுவதுதான் தாங்க முடியவில்லை. இகேஒய்சிக்கு வைக்கும் கைரேகையால் கணக்கிலிருந்து பணம் போகாது. மைக்ரோ ஏடிஎம் என்னும் கையடக்கக் கருவியில் பணம் எடுக்க வைப்பது தனி ரேகை. அதற்குத் தொகையோடு சீட்டு வரும். சீட்டு கையில் வராமல் இடத்தை விட்டு நகராதீர்கள், எங்கள் கடையானாலும் சரி.

விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் பதிவுக்குக் கட்டணம் இல்லை. இகேஒய்சி கைரேகைக்கு 15 ரூபாய். இடையில் சில மாதம் 30 வாங்கியிருக்கிறோம், கேட்பவர்களுக்கு மீதியைத் தருகிறோம்.

மெஷினில் இருந்த பெண் வேலையை விட்டுவிட்டதால் ஞாயிற்றுக்கிழமை மையம் இயங்காது. இத்தனை பேச்சுக்குப் பிறகும் வழக்கம்போல் ஆதாரையும் சிட்டாவையும் மஞ்சப் பையில் போட்டுக்கொண்டு நம் கடைக்கே வருகிறவர்களுக்கு மனமார்ந்த நன்றி. வரும்போது ஆதாரோடு இணைத்த செல்போனையும் கொண்டுவாருங்கள். ஓடிபி அதற்குத்தான் வரும்.

இப்படிக்கு,
உரிமையாளர், பொதுச் சேவை மையம்