குச்சிக்கிழங்குக் காட்டில் ஆய்வுக்கு எத்தனை மதிப்பெண்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயர்கல்வி நிறுவனங்களின் தேசியத் தரவரிசைப் பட்டியல் வெளியாகும் ஒவ்வொரு முறையும், சேலம் ஐந்து ரோட்டிலிருந்து ஓமலூர் சாலை நெடுகக் கல்லூரிகளின் பிளக்ஸ் பலகைகள் முளைத்துவிடுகின்றன. ஸ்கோபஸ் என்ற பன்னாட்டுத் தரவுத்தளத்தில் ஏறிய கட்டுரைகள் எத்தனை, அவற்றைப் பிற ஆய்வாளர்கள் எடுத்தாண்ட மேற்கோள்கள் எத்தனை, காப்புரிமைகள் எத்தனை என்பதெல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கும்; அந்த ஆய்வால் யாருக்கு என்ன நன்மை விளைந்தது என்ற விவரம் மட்டும் இருக்காது. இதுபற்றி இப்போது எழுதக் காரணம் உண்டு. ஏற்கத்தக்க ஆய்விதழ்கள் எவை என்று பல்கலைக்கழக மானியக் குழு வைத்திருந்த ‘கேர்’ பட்டியல் 2025-இல் கைவிடப்பட்டு, எந்த இதழை ஏற்பது என்று முடிவு செய்யும் பொறுப்பு உயர்கல்வி நிறுவனங்களிடமே விடப்பட்டுள்ளது. முனைவர் பட்ட ஆய்வேட்டை அளிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தையும் 2022 விதிமுறைகள் நீக்கிவிட்டன. ஆக, அளவுகோல் டெல்லியை விட்டு நம் பெரியார் பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்களின் கைக்கு வந்திருக்கிறது. வந்த கையோடு அது மீண்டும் எண்ணிக்கையிலேயே போய் நிற்கக் கூடாது.

நம் மாவட்டத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2020-இல் கேரளத்தில் தென்பட்ட அயல்நாட்டு மாவுப்பூச்சி, விரைவிலேயே சேலம், நாமக்கல் பகுதிகளின் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) காடுகளுக்குள் புகுந்தது. நுனிக் குருத்து சுருண்டு, இலைகள் கொத்தாக இறுகி, செடி வளராமல் நின்றுவிடும். கிழங்கு சிறுத்தால் எடையும் போகும், ஜவ்வரிசி (சேகோ) ஆலையில் மாவுச்சத்தை அளந்து பாயிண்ட் கணக்கில் தரும் விலையும் போகும். பெங்களூரில் உள்ள மத்திய அரசின் வேளாண் பூச்சி ஆய்வு நிறுவனம், 2021-இல் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்துப் பெருக்கி, 2022 மார்ச்சில் ஆத்தூர் பக்கத்து ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டது. எள்ளைவிடச் சிறிய அந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும்; பொரிந்த புழு உள்ளிருந்தபடியே பூச்சியைத் தின்று, உலர்ந்த கூட்டைத் துளைத்துக்கொண்டு குளவியாக வெளியேறும். குளவி விட்ட காட்டில் விவசாயி பூச்சிமருந்து அடிக்காமல் பொறுத்திருக்க வேண்டும். கடன் வாங்கி வைத்த பயிர் கண்ணெதிரே சுருளும்போது அப்படிப் பொறுத்திருப்பது லேசான காரியமில்லை.

இந்தக் குளவியின் சொந்த ஊர் தென்னமெரிக்கா. அங்கிருந்து கொண்டுவரப்பட்டு, 1981-இல் நைஜீரியாவில் விடப்பட்டு, பின்னர் ஆப்பிரிக்கா முழுவதும் மரவள்ளியைக் காத்தது. அத்திட்டத்தை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அந்த உழைப்பின் பலன் நாற்பது ஆண்டுகள் கழித்து ஏத்தாப்பூருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஓர் ஆய்விதழின் மதிப்பைக் காட்டும் எண்ணாகிய தாக்கக் காரணியோ, முந்தைய இரண்டு ஆண்டுகளில் அதில் வந்த கட்டுரைகள் அடுத்த ஓராண்டில் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதோடு முடிந்துவிடுகிறது. இதழ்களை ஒப்பிட யூஜீன் கார்ஃபீல்டு உருவாக்கிய அந்தக் கணக்கைத் தனி ஆசிரியரின் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் அளவுகோலாக்கக் கூடாது என்று ஆய்வு மதிப்பீடு பற்றி 2013-இல் வெளியான சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. உள்ளூர்த் தேவை சார்ந்த ஆய்வைக் காக்க வேண்டும் என்கிறது அதே பொருள் பற்றி 2015-இல் வந்த லெய்டன் அறிக்கை. சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினரின் வாய்மொழி வழக்காறுகளைப் பற்றி ஒருவர் தமிழில் செய்யும் ஆய்வு, பன்னாட்டு மேற்கோள் தரவுத்தளங்களின் கண்ணில் படுவதே அரிது. அதனால் அது தரம் குறைந்தது என்றாகிவிடுமா?

சரி, கட்டுரைகளை எண்ணுவதற்குப் பதிலாகச் சமூகப் பயனை எண்ணிவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். நான் தயங்குவது இங்கேதான். பிரிட்டனில் பல்கலைக்கழக ஆய்வுகளை மதிப்பிடும்போது, கல்விப்புலத்துக்கு வெளியே விளைந்த பயனுக்கு 2014-இல் 20 விழுக்காடும் 2021-இல் 25 விழுக்காடும் ஒதுக்கினார்கள். எண்ணை மட்டும் பார்க்காமல், ஆதாரத்தோடு எழுதப்பட்ட விவரணைகளை வல்லுநர் குழுக்கள் படித்து மதிப்பிட்டது நல்ல முறைதான். ஆனால் அதையே இங்கு படிவமாக்கி, பயனடைந்த விவசாயிகள் இத்தனை பேர், நடத்திய முகாம்கள் இத்தனை என்று கட்டம் போட்டுக் கொடுத்தால், கட்டங்களை நிரப்புவதில் நம்மவர்களை யாரும் மிஞ்ச முடியாது.

குளவியையே எடுத்துக்கொள்வோம். மாவுப்பூச்சி வறட்சியில் பெருகும், நல்ல மழையில் குறையும். ஒரு காட்டில் பூச்சி குறைந்ததென்றால் அதில் குளவியின் பங்கு எவ்வளவு, மழையின் பங்கு எவ்வளவு? குளவி விடாத காட்டையும் அதே பருவத்தில் கணக்கெடுத்து ஒப்பிடாதவரை இதற்கு யாராலும் விடை சொல்ல முடியாது. குறைந்ததற்கான பெருமையிலும் பலருக்குப் பங்குண்டு: தென்னமெரிக்காவில் தேடிக் கண்டுபிடித்தவர்கள், பெனினில் பேணிக் காத்தவர்கள், பெங்களூரில் பெருக்கியவர்கள், ஏத்தாப்பூரில் வெளியிட்டவர்கள், மருந்தடிக்காமல் பொறுத்திருந்த விவசாயிகள். ஒவ்வொரு நிறுவனமும் முழுப் பயனையும் தன் கணக்கிலேயே எழுதிக்கொண்டால், காப்பாற்றப்பட்ட ஒரே ஏக்கர் நான்கு அறிக்கைகளில் நான்கு ஏக்கராகிவிடும்.

ஆகவே இப்பகுதியின் பல்கலைக்கழகமும் கல்லூரிகளும் தத்தம் விதிகளை வகுக்கும்போது, ஒவ்வொரு துறையிடமும் நீண்ட பட்டியலைக் கேட்பதை விட்டு, மூன்று நான்கு ஆய்வுகளைப் பற்றி மட்டும் கேட்கலாம்: என்ன மாறியது, அதற்கு என்ன ஆதாரம், உடன் உழைத்தவர்கள் யார், எது பலிக்கவில்லை. பலிக்காததை மறைக்காமல் எழுதியவருக்கு மதிப்பெண் குறையாது என்பதையும் விதியிலேயே சேர்க்க வேண்டும். ஐந்து, பத்து ஆண்டுகள் கழித்து அதே ஆய்வுகளை மறுபடியும் பார்க்க வேண்டும். இந்த மதிப்பீட்டைத் தனி ஆசிரியரின் ஊதிய உயர்வோடு முடிச்சுப் போடக் கூடாது; போட்டால் பலன் தெரியப் பல ஆண்டுகள் ஆகும் ஆய்வை யாரும் தொடமாட்டார்கள். தம்மைப் பற்றித் திரட்டப்படும் தரவுகளைப் பார்த்துத் திருத்தம் சொல்லும் உரிமை ஆசிரியர்களுக்கு இருக்க வேண்டும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தரவரிசையை வெளியிடும்போது, ஆய்வுக்கான மதிப்பெண் எவற்றைக் கொண்டு கணக்கிடப்பட்டது என்பதை அதே பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது தாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.